பாட்டில் தூஷணம்: பெற்றோரும் பாட்டு எழுதும் பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஓர் ஒழுங்கையில் 16 வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். சரளி வரிசையில் தொடங்கும் வகுப்பு, கடைசிக் கால் மணித்தியாலத்தில் சினிமாப் பாட்டிலோ ராப் என்கிற சொல்லிசையிலோ போய் நிற்கும். அதை நான் தடுப்பதில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வாசலில் செருப்புத் தேடும் நேரத்தில் அம்மாமார் கேட்கிற கேள்விகள்தான் இங்கே உள்ளவை. சில கேள்விகள் சொல்லிசை எழுதும் பெடியன்களுடையவை. வாசலில் நின்றபடி சொன்ன பதில்கள் பல அரைகுறையாகப் போய்விட்டன. இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

மகள் தரம் 3. ஸ்கூல் வானில் கேட்ட ஒரு வரியை வீடு முழுக்கப் பாடித் திரிகிறாள். வாயால் சொல்ல முடியாத வரி. ஏசுவதா, விடுவதா?

ஏசாதீர்கள். அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

அவளிடம் இருப்பது மெட்டும் தாளமும்தான். அர்த்தம் இன்னும் வந்து சேரவில்லை. நீங்கள் பதறிக் கத்தினால், அந்த வரிக்குள் ஏதோ பெரிய சங்கதி ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் அவளுக்கு விளங்கும். இதை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். சில வருடங்களுக்கு முன் எட்டு வயதுப் பையன் ஒருவன் வகுப்பில் ஒரு பாட்டைப் பாடினான். வேண்டாம் என்று சொன்ன பெண்ணை அடித்து வழிக்குக் கொண்டுவருவேன் என்ற கருத்தில் அதில் ஒரு வரி வந்தது. மற்றப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் சுருதிப் பெட்டியை நிறுத்தி, "வாயை மூடு" என்று அதட்டிவிட்டேன். பிள்ளை அழுதான். அடுத்த கிழமை அதே வரியை மற்றவர்களின் காதில் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை ரகசியமாக்கியது நான்தான்.

இப்போது வேறு மாதிரிச் செய்கிறேன். பாட்டை முழுக்கப் பாடவிட்டு, பக்கத்தில் இருத்தி, "இந்த வரியில வாற அக்கா இதைக் கேட்டா அவவுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பேன். ஏழு, எட்டு வயதுக்கு அது போதும். பெரும்பாலும் அவர்களே "பாவம் மிஸ்" என்பார்கள். அப்புறம் அந்த ஒரு வரியை மட்டும் "லா லா" என்று பாடச் சொல்வேன். மெட்டைப் பறிக்க மாட்டேன்.

வான் அங்கிளிடமும் கதையுங்கள், சண்டை பிடிக்காமல். எங்கள் பக்கத்து வான்காரர் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடுபவர். நித்திரை தூங்காமல் இருக்கத்தான் பாட்டுப் போடுகிறார். "மிஸ், நான் வரியைக் கவனிச்சதே இல்லை, பீட்டைத்தான் கேக்கிறது" என்றார். பென் டிரைவைக் கையில் தந்து, பார்த்துச் சொல்லச் சொன்னார். நூற்றுக்கு மேல் பாட்டு இருந்தது. நாலைத்தான் எடுத்தேன்.

எதைத் தூஷணம் என்கிறீர்கள்? கெட்ட வார்த்தை வந்தாலே பிழையா?

இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். மூன்று வேறு சங்கதிகளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். வெறும் வசைச்சொல் ஒன்று. கோபத்திலும் களைப்பிலும் எவர் வாயிலும் வருவது. உடலையும் ஆசையையும் பாடுவது இன்னொன்று. மூன்றாவது, ஒருவரை இழிவாக்குவது. பெண்ணை, திருநங்கையை, ஒருவரின் நிறத்தை, சாதியை, உடல் ஊனத்தை வைத்து, அவர் மனிதரே இல்லை என்கிற மாதிரிப் பாடுவது.

முதல் இரண்டுக்கும் வயதும் இடமும் பார்த்தால் போதும். பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: தகுதி வழக்கு மூன்று என்று பவணந்தி முனிவர் சொல்வார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். அந்தச் சொல் மொழியிலேயே இருக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. எந்தச் சபை என்று பார்க்கத்தான் சொல்கிறார். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள் தங்களுக்குள் கதைக்கிற பேச்சைப் பாட்டில் கொண்டுவருவது பிழை இல்லை. அந்தப் பாட்டைத் தரம் 3 பிள்ளைகளின் வானில் போடுவது பிழை.

மூன்றாவதற்கு எந்தச் சபையும் பொருந்தாது. அது பெரும்பாலும் கெட்ட வார்த்தையே இல்லாமல் வரும். அதுதான் எனக்குப் பயம். அவள் பின்னாலேயே போவது, வழிமறிப்பது, மறுத்தால் சபிப்பது, இனி எந்தப் பெண்ணையும் நம்பாதே என்று கூட்டாளிகளுக்குப் புத்தி சொல்வது. எல்லாம் நல்ல தமிழில், எதுகை மோனையோடு வரும். நம் தொலைக்காட்சியில் கதாநாயகன் கையில் இருக்கும் சிகரெட்டை மங்கலாக்கிவிடுகிறார்கள். அதே பாட்டில் அவன் அந்தப் பெண்ணைப் பற்றிப் பாடும் வரி முழுதாக ஒலிக்கும். எனக்கு இது தாங்க முடிவதில்லை.

ஆகவே என்னிடம் ஒரு பாட்டைக் கொண்டுவந்தால் நான் முதலில் தேடுவது கெட்ட வார்த்தையை அல்ல. அந்த வரியில் யார் மிதிபடுகிறார் என்று தேடுவேன்.

காமத்துப்பால் எழுதிய மொழி இது. பாட்டில் ஆசை வந்தால் மட்டும் ஏன் கூச்சம்?

கூச்சமே வேண்டாம். வள்ளுவர் 250 குறளை அதற்கென்றே ஒதுக்கினார். ஆண்டாள் தன் உடலின் ஏக்கத்தை ஒளிக்காமல் பாடினாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குறுந்தொகையில் தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், பரத்தைகூடத் தன் பக்கத்தைச் சொல்வாள். இப்போது வருகிற பல பாட்டுகளில் பெண் வாய் திறப்பதே இல்லை. அவளைப் பற்றி மற்றவர்கள் கதைக்கிறார்கள். ஆசைப்படுகிறவளுக்குக் குரல் இருக்கிற பாட்டு எவ்வளவு பச்சையாக இருந்தாலும், வளர்ந்தவர்கள் கேட்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

பழைய பாட்டெல்லாம் சுத்தமாகத்தானே இருந்தது?

இல்லை. கதாநாயகியை அறைந்து "திருத்திய" கையோடு காதல் பாட்டுத் தொடங்குகிற படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. வித்தியாசம் என்னவென்றால், இலங்கை வானொலிக் காலத்தில் பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவில் ஓர் அறிவிப்பாளர் இருந்தார். எந்த நேரத்தில் எதைப் போடலாம் என்று ஒரு மனிதர் யோசித்தார். இன்று அடுத்த பாட்டை ஃபோனே தெரிவுசெய்கிறது.

நம் பொப்பிசைக் காலத்தையும் மறக்கக்கூடாது. நித்தி கனகரத்தினம் பைலாத் துள்ளலோடு, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று பாடினார். புத்திமதிப் பாட்டுத்தான். ஆனால் கலியாண வீடுகளில் எழுந்து ஆடிப் பாடினார்கள். நல்லதைச் சொன்னால் பாட்டு ஓடாது என்று சொல்கிறவர்களிடம் அதைப் போட்டுக் காட்டுவேன்.

இங்கிலிஷ் இசைத்தட்டுகளில் இருந்த கறுப்பு வெள்ளை முத்திரை எங்கே இருந்து வந்தது?

அமெரிக்காவில் இருந்து. பின்னாளில் துணை ஜனாதிபதியான அல் கோரின் மனைவியாக இருந்த டிப்பர் கோர், தன் 11 வயது மகளுக்கு வாங்கிக் கொடுத்த, பாடகர் பிரின்ஸின் இசைத்தட்டில் ஒரு பாட்டைக் கேட்டு அதிர்ந்துபோனார். 1985-இல் வாஷிங்டன் அரசியல் குடும்பத்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்து, பெற்றோரை எச்சரிக்கும் முத்திரை வேண்டும் என்று கேட்கும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த வருடம் செப்டம்பர் 19-இல் செனட் குழு ஒன்று விசாரணை வைத்தது. ரொக் இசைக்கலைஞர்கள் ஃபிராங்க் சாப்பாவும் டீ ஸ்னைடரும் வந்து எதிர்த்தார்கள். மென்மையான பாட்டுகளுக்குப் பேர்போன ஜோன் டென்வரும் எதிர்த்தார். மலையைப் பற்றிய தன் பாட்டைப் போதைப் பாட்டு என்று பிழையாக விளங்கிக்கொண்டு சில வானொலிகள் ஒதுக்கியதை அவர் அங்கே சொன்னார்.

கடைசியில் சட்டம் வரவில்லை. இசைத்தட்டுக் கம்பனிகள் தாங்களே முத்திரை போட ஒப்புக்கொண்டன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி முத்திரை வந்தது 1990-இல். வோல்மார்ட் கடைகள் முத்திரை உள்ளதை விற்க மறுத்தன. அதனால் சொற்களை வெட்டிய "க்ளீன்" பதிப்பு என்று ஒன்றைக் கம்பனிகள் தனியாகச் செய்து விற்றன.

ஃபோனில் சில பாட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து இருக்கிறது. தமிழ்ப் பாட்டுகளில் அதைக் காணோமே?

அந்த முத்திரையின் இன்றைய வடிவம்தான் அது. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது; அதன் செட்டிங்ஸில் 'எக்ஸ்ப்ளிசிட்' என்று வரும் இடத்தை அணைத்துவிட்டால் 'ஈ' போட்ட பாட்டுகள் ஓடாது. ஐஃபோனில் 'ஸ்க்ரீன் டைம்' பகுதியில் இதே வசதி உண்டு. யூடியூபில் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்'. செய்துவையுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அந்த எழுத்தைப் போடுவது பாட்டை ஏற்றுகிற தரப்பு. ஒருவர் இருந்து தமிழ் வரி ஒவ்வொன்றையும் கேட்டு முடிவுசெய்வதில்லை. 'ஈ' இல்லை என்பதற்காக ஒரு தமிழ்ப் பாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான் மேலே சொன்ன மூன்றாவது வகைக்கு அந்த எழுத்து பெரும்பாலும் விழுவதே இல்லை, ஏனென்றால் அதில் கெட்ட வார்த்தை இருக்காது.

இந்தியத் தணிக்கைச் சான்றிதழையும் சிலர் கேட்கிறார்கள். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது திரையரங்குப் படத்துக்கு. 2023-இல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 வயது என்று பிரித்தார்கள், நல்லது. ஆனால் பாட்டு படத்துக்குப் பல கிழமை முன்னரே யூடியூபில் வந்துவிடும். கொட்டாஞ்சேனைப் பிள்ளை அதை அன்றிரவே மனப்பாடம் செய்துவிடும்.

பாட்டுக் கேட்டுப் பிள்ளை கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

ஒரு பாட்டு ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடாது. அப்படிச் சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் ஒன்றுமே நடக்காது என்பதும் சரியில்லை. 2003-இல் அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் அண்டர்சனும் சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய பரிசோதனைகளில், வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்ட உடனே பகையுணர்வும் முரட்டு எண்ணங்களும் கூடியதைக் கண்டார்கள். அது கொஞ்ச நேரத்து விளைவு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2006-இல் வந்த இன்னோர் ஆய்வு. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார் 12 முதல் 17 வயது வரையான 1,461 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து விசாரித்தார்கள். பாலுறவைப் பற்றி இழிவாகப் பாடும் பாட்டுகளை அதிகம் கேட்ட பிள்ளைகள் சிறுவயதிலேயே பாலுறவைத் தொடங்குவது கூடுதலாக இருந்தது. பாலுறவைப் பற்றிப் பாடினாலும் இழிவில்லாத பாட்டுகளுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. பாட்டுத்தான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் விஷம் ஆசையில் இல்லை, இழிவில் இருக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து எனக்குத் தோன்றியதோடு அது பொருந்தி வந்தது.

பாடுகிறவர் பாடுகிறார், பிடித்தவர் கேட்கிறார். கலைஞருக்கு இதில் என்ன பொறுப்பு?

பாட்டு மற்றப் பேச்சு மாதிரி இல்லை. மேடைப் பேச்சை ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடுவோம். பல்லவியை ஒரு பிள்ளை மாதத்துக்கு நூறு முறை தன் வாயால் சொல்கிறது. நீங்கள் எழுதிய வரியை இன்னொருவரின் வாயில் வைக்கிறீர்கள். சோறு ஊட்டுகிறவருக்கு உள்ள பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

"அது நான் இல்லை, பாத்திரம்" என்பார்கள். நியாயமான பதில்தான், பல இடங்களில். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த நம் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்தவர். அவருடைய புகழ்பெற்ற பாட்டின் பல்லவியில் துப்பாக்கிச் சத்தம் வரும். குடியேறி வந்தவர்களைப் பார்த்து மேற்குலகம் படுகிற பயத்தைத்தான் அந்தப் பாட்டு திருப்பிக் காட்டுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தச் சத்தத்தை மழுக்கியது, அவர் கோபப்பட்டார். நான் அவர் பக்கம். அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞர் எமினெம் 2000-இல், தன் பாட்டுகளை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ரசிகன் ஒருவன் கர்ப்பமான காதலியையும் தன்னையும் அழித்துக்கொள்வதை ஒரு பாட்டாகச் சொன்னார். பாட்டில் வரும் கலைஞர் பதில் கடிதம் எழுதும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். நீங்கள் கேட்கிற கேள்விதான் அந்தப் பாட்டின் கருவே. அதே ஆளின் அதே காலத்துப் பாட்டுகளில் தன்பாலீர்ப்பாளர்களை மிதிக்கிற வரிகளும் இருந்தன, அதற்காகக் கண்டனமும் எழுந்தது. ஒரே கலைஞரிடம் இரண்டும் இருக்கும். வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

பிழை என்று தெரிந்தால் திருத்தலாம். 2022 ஜூனில் அமெரிக்கப் பாடகி லிசோ வெளியிட்ட பாட்டில், மூளைவாதம் உள்ளவர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் இருந்தது. அவர்கள் வருத்தப்பட்டுச் சொன்னதும் சில நாட்களில் அந்தச் சொல்லை மாற்றிப் பாடி மறுபடி வெளியிட்டார். ஓகஸ்டில் பியோன்சேயும் தன் பாட்டில் இருந்த அதே சொல்லை மாற்றினார். 2013-இல் சொல்லிசைக் கலைஞர் ரிக் ரோஸ் ஒரு பாட்டில், பெண்ணுக்குத் தெரியாமல் பானத்தில் போதை கலந்து கூட்டிப்போனதைப் பெருமையாகச் சொன்னார். முதலில் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள் என்றார். ரீபொக் நிறுவனம் அவரோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்த பிறகுதான் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டார். இரண்டு விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்த் திரைப்பாட்டில் கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். எழுதியவர் "டைரக்டர் கேட்டார்" என்பார். இயக்குநர் "பாத்திரம் அப்படி" என்பார். பாடியவர் "எழுதித் தந்ததைப் பாடினேன்" என்பார். 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பின்தொடர்வதைக் காதல் என்று காட்டிய படங்களையும் பாட்டுகளையும் பற்றி அங்கே பெரிய விவாதம் நடந்தது. பாட்டுத்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. மறுத்த பெண்ணைத் துரத்துவது ஆண்மை என்று எத்தனை ஆயிரம் முறை பாடியிருக்கிறோம் என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்பவர் கூடக் கூடப் பொறுப்பும் கூடும். இருநூறு பேர் கேட்கிற பெடியனிடம் நான் மெதுவாகச் சொல்வேன். கோடிப் பேர் கேட்கிற நட்சத்திரத்திடம் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

'பீப்' போட்டு மறைத்தால் போதாதா?

2015 டிசம்பரில் சிலம்பரசன் பாடிய 'பீப்' பாட்டு இணையத்தில் கசிந்தது ஞாபகம் இருக்கும். அது வெளியிடுவதற்கில்லாத தனிப்பட்ட பாட்டு என்றார் அவர். பெண்கள் அமைப்புகள் வீதிக்கு இறங்கின, கோயம்புத்தூரில் வழக்கும் பதிவானது. பீப் சத்தத்துக்குள் என்ன சொல் என்று தமிழ் தெரிந்த எவருக்கும் தெரிந்தது. பெண்ணின் உடலுறுப்பை வசையாக்குகிற சொல். அந்தச் சத்தம் அதை மறைக்கவில்லை, சுட்டிக்காட்டியது.

அப்படியென்றால் தடை செய்யச் சொல்லிக் கேட்கலாமே?

தயவுசெய்து வேண்டாம்.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டுப் பாடுவதை 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையே குற்றமாக்கியிருக்கிறது. 1927-இல் ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான கட்டளைச் சட்டம் வந்தது. 2024-இல் இணையத்துக்கென்று நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பிரச்சினை, இவை யார் கையில் இருக்கின்றன என்பதுதான். அஹ்னாப் ஜசீம் என்ற நம் தமிழ்க் கவிஞரை 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவர் கவிதைகள் தீவிரவாதத்தை வளர்க்கின்றன என்றார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. கவிதை எழுதியதற்கு 19 மாதம் சிறை. 2019-இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வரியை அளக்கிற கோலை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கொடுத்தால், அவர்கள் முதலில் அளப்பது பெண்ணை மிதிக்கிற பாட்டை அல்ல. அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற பாட்டை.

தடையால் பாட்டும் சாகாது. 1984-இல் பிபிசி ஒரு பாட்டை ஒதுக்கியது, அது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

கேட்கிறவர்கள் எழுதலாம், சொல்லலாம், நேரே பாடகருக்கே செய்தி அனுப்பலாம். லிசோ மாறியது அதனால்தான்.

சாமத்திய வீட்டுக்கு டிஜே பிடித்திருக்கிறோம். என்ன சொல்வது?

முன்பே பட்டியலைக் கேளுங்கள். அங்கே மேடையில் இருக்கிறவள் புதிதாக வயதுக்கு வந்த 12, 13 வயதுப் பிள்ளை. மண்டபம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெண்ணின் உடலை அங்கம் அங்கமாக விற்கிற பாட்டைப் போட்டால், அவள் அதைத் தன்னைப் பற்றியதாகத்தான் கேட்பாள். மற்ற விழாக்களுக்கு இவ்வளவு கறாராக நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்லிசை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தூஷணத்தில்தான் கதைப்பார்கள். அதை வெட்டினால் பாட்டு பொய்யாகிவிடும். என்ன செய்யட்டும்?

வெட்டாதே தம்பி.

இதே கேள்வியோடு வடகொழும்பில் இருந்து 19 வயதுப் பெடியன் ஒருவன் வந்தான். பிறந்து வளர்ந்த தோட்டத்தை, அதாவது சின்ன வீடுகள் நெருக்கி நிற்கும் குடியிருப்பை, உடைத்து, அவன் குடும்பத்தைத் தொடர்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். எட்டாம் மாடியில் லிஃப்ட் பழுதாகி, அம்மம்மாவைக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கிய கதையைப் பாட்டாக எழுதியிருந்தான். கேட்கும்போது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதில் ஏழு தூஷணச் சொல் இருந்தன. நான் எண்ணினேன்.

ஒவ்வொன்றுக்கும் நேரே, அது யார் மேல் போய் விழுகிறது என்று எழுதச் சொன்னேன். இரண்டு, லிஃப்டைத் திருத்த மறுத்தவர்கள் மேல் விழுந்தன. ஐந்து அம்மாவையும் தங்கையையும் சொல்லித் திட்டுகிற சொற்கள். நடந்த கதையில் அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை. யாருடைய அம்மாவோ தங்கையோ சும்மா மிதிபட்டார்கள். அவன் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மிஸ், இந்த ஐஞ்சும் வேற பாட்டுல கேட்டுப் பழகினது. என்ட இல்லை" என்றான்.

அந்த ஐந்து இடத்திலும் வேறு சொல் தேட அவனுக்கு மூன்று கிழமை எடுத்தது. ஓரிடத்தில் படிகளின் எண்ணிக்கையை வைத்தான். ஓரிடத்தில் அம்மம்மா இறங்கும்போது சொன்ன வார்த்தையையே வைத்தான். மற்ற இரண்டு தூஷணமும் இன்னும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. எடு என்று நான் சொல்லவில்லை. போன மாதம் வீட்டில் எல்லோரையும் இருத்திப் போட்டுக் காட்டினானாம். அம்மம்மா இன்னொரு தரம் போடச் சொன்னாவாம்.